சூமோ: கொழும்பு வீதிகளுக்கு இந்த இலவச மென்பொருள் சரிவருமா?

கொழும்புப் போக்குவரத்தைப் பற்றிய ஆய்வுகள் இன்றைக்கும் அடிக்கடி திரும்பிப் போவது ஒரு பழைய தரவுக்குத்தான். ஜப்பானிய உதவி நிறுவனமான ஜைக்காவின் துணையோடு 2013 இல் வீடு வீடாகக் கேட்டு எடுத்து, 2014 இல் பெருந்திட்டமாக வெளிவந்த தரவு அது. அருமையான வேலை. ஆனால் கணக்கெடுப்பாளர்கள் கதவைத் தட்டிய அந்த நாட்களில் செயலியில் வாடகை வாகனம் அழைக்கும் பிக்மீ இல்லை, ஊபரும் இல்லை. இரண்டும் கொழும்புக்கு வந்தது 2015 இல். பிறகு 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. 2022 இல் பெற்றோல் வரிசையும், எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறையும் வந்தன. 2025 இல் இறக்குமதி திரும்பத் திறந்ததும் மின்சாரக் கார்கள் வீதிக்கு இறங்கின. ஒரே சந்தி பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நாலைந்து விதமான வாகனக் கலவையைப் பார்த்துவிட்டது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் வீடு வீடாகப் போகக் காசும் இல்லை, காலமும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வழித்தடத்தைக் கணினியில் மாதிரியாகக் கட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது எண்ணிக்கையை அதில் போட்டு ஓட்டிக்கொண்டே இருக்கலாம். அந்த வேலைக்கு, வீதியின் ஒவ்வொரு வாகனத்தையும் கணினியில் ஓட்டிக் காட்டும் இலவச மென்பொருளான சூமோ எந்தளவுக்கு உதவும், எங்கே கையை விரிக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது வெள்ளவத்தைக் காலி வீதி: தெற்கே தெஹிவளை மேம்பாலம், வடக்கே பம்பலப்பிட்டிச் சந்தி, மேற்கே மரைன் டிரைவ், கிழக்கே ஹவ்லொக் வீதி. மரைன் டிரைவை விட்டுவிட்டுக் காலி வீதியை மட்டும் வரைந்தால் அந்த மாதிரியால் பயனில்லை. காலி வீதி இறுகியதும் சாரதிகள் குறுக்கு வீதிகளால் கடலோரம் இறங்கிவிடுவார்கள். மாதிரியிலும் அவர்களுக்கு அந்த வழி இருக்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மென்பொருள் காலத்தோடு ஓடுகிறது. பின்தங்கி நிற்பது நாம் அதற்குள் போடும் எண்ணிக்கை. அதனால் மிச்சமாகும் லைசென்ஸ் காசை வாகனம் எண்ணுவதில் செலவழிக்க வேண்டும்.

என்ன கிடைக்கிறது

சூமோ ஜேர்மன் விண்வெளி ஆய்வு மையத்தில் பிறந்தது. 2001 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது, இப்போது எக்லிப்ஸ் பொது உரிமத்தின் 2.0 பதிப்பின்கீழ் வெளியாகிறது. வருடந்தோறும் புதுப் பதிப்புகள் வருகின்றன. விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். விண்டோஸுக்கு நேரடி இன்ஸ்டோலர் இருக்கிறது. பைதன் நிரல்மொழி தெரிந்தவர், அதன் பொதிகளை நிறுவும் பிப் மூலம் ‘எக்லிப்ஸ்-சூமோ’ என்ற பொதியைப் போட்டுக்கொள்ளலாம். போட்டபின் ‘சூமோ ஹோம்’ என்ற சூழல் மாறியைச் சரியான கோப்புறைக்குக் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பைதன் கருவிகள் தொடக்கத்திலேயே முரண்டு பிடித்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

விசிம், எய்ம்சன் போன்ற கட்டண மென்பொருட்களின் முகப்பு இதைவிட அழகு, முப்பரிமாணப் படமும் அழகு. ஆனால் அவற்றின் லைசென்ஸ் வெளிநாட்டுக் காசில். 2022 இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய மென்பொருளில் கட்டிய ஆய்வு, ஒரு வருடம் காசு கட்ட முடியாமற் போனால் திறக்கவே முடியாத கோப்பாகிவிடும். சூமோவின் வீதி வலை, வாகன வகை, பயண வழி, சமிக்ஞை எல்லாமே வெறும் எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்து படிக்கலாம். கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளில் சேமித்தால் யார், எந்தத் திகதியில், எந்த எண்ணை மாற்றினார் என்பது வரிவரியாக இருக்கும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த வருட மாணவர் தொடரலாம். ஆய்வு காலத்தோடு ஓட வேண்டுமென்றால் முதலில் அது கைமாறக்கூடியதாக இருக்க வேண்டும். நம் பார்வையில் சூமோவின் மிகப் பெரிய பலம் இதுதான். மற்ற வசதிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

சாதாரண 8 ஜிபி லெப்டொப் போதும். இரண்டு மூன்று கிலோமீற்றர் வழித்தடத்தில் சில ஆயிரம் வாகனங்கள் என்றால் நிஜ நேரத்தைவிட வேகமாகவே ஓடும். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு கோரில்தான் ஓடுகிறது, அதனால் நான்கு கோர் இருந்தால் நான்கு ஓட்டங்களை ஒன்றாக விடலாம்.

வீதி வலை: முதல் நாள் சந்தோஷம், இரண்டாம் நாள் வேலை

ஓஎஸ்எம் வெப் விசார்ட் என்ற கருவியைத் திறந்தால் உலாவியில் வரைபடம் வரும். வெள்ளவத்தையைப் பெட்டிபோட்டுத் தெரிவுசெய்து ஒரு பொத்தானை அழுத்தினால், ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து வீதிகளை இறக்கி, சில நிமிடத்தில் வாகனங்களை ஓடவிட்டுக் காட்டும். அழுத்த முன்பே இடப்பக்கப் போக்குவரத்துக்கான தெரிவைப் போடுங்கள். மறந்தால் முழுக் கொழும்பும் வலப்பக்கம் ஓடும். வரைபடத்தைச் சூமோ வலையாக மாற்றும் நெட்கன்வேர்ட் கருவியைக் கையால் ஓட்டுபவர் ‘லெஃப்ட்ஹேண்ட்’ தெரிவைக் கட்டளையிலேயே சேர்க்க வேண்டும்.

அந்த முதல் ஓட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதில் ஓடும் வாகனங்கள் எழுந்தமானமாக உருவானவை. வலையிலும் நான்கு இடத்தில் கை வைத்தே ஆக வேண்டும்.

முதலாவது லேன் எண்ணிக்கை. வரைபடத்தில் லேன் குறிக்காத வீதிக்கு, வீதியின் வகையைப் பார்த்து மென்பொருள் தானாக ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும். டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை போன்ற குறுக்கு வீதிகளில் ஒரு பக்கம் வாகனம் நிறுத்தியிருந்தால் ஓடக்கூடிய அகலம் பாதியாகிவிடும், அது எந்த வரைபடத்திலும் இருக்காது. நேரில் நாடா பிடித்து அளந்து, சூமோவின் வலைத் திருத்தியான நெட்எடிட்டில் அகலத்தை மாற்றுங்கள். மென்பொருள் தானாக வைக்கும் லேன் அகலம் 3.2 மீற்றர்.

இரண்டாவது சந்திகள். ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்பில் ஒரே சந்தி மூன்று நான்கு புள்ளியாகப் பிரிந்து கிடக்கும். ‘ஜங்ஷன் ஜொயின்’ தெரிவு அவற்றைச் சேர்க்கும், சில வேளை சேர்க்கக்கூடாததையும் சேர்த்துவிடும். ஒவ்வொரு சந்தியிலும் எந்த லேனிலிருந்து எந்த லேனுக்குப் போகலாம் என்ற இணைப்புக் கோடுகளைக் கண்ணால் பாருங்கள். பத்துச் சந்திக்கு அரை நாள் போகும். இதைத் தவிர்த்தவர்கள் பிறகு ஒரு கிழமையை இழப்பார்கள்.

மூன்றாவது சமிக்ஞை விளக்கு. மென்பொருள் தானாக உருவாக்கும் சுற்று 90 வினாடி. கொழும்பில் காலை மாலை நெரிசலில் பல சந்திகளில் விளக்கை ஓரங்கட்டிவிட்டுப் பொலிஸ் உத்தியோகத்தர் கையால் இயக்குகிறார். ஒரு திசையை மூன்று நான்கு நிமிடம் தொடர்ந்து விடுவதும் உண்டு. விளக்குப் பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தை மாதிரியில் போட்டால் வரிசையின் நீளம் நிஜத்தோடு ஒத்துப்போகாது. ஸ்டொப்வொச்சோடு நின்று, ஒவ்வொரு திசையும் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று குறைந்தது இருபது சுற்றுக்கு எழுதுங்கள். அந்த நேரங்களையே ஒரு நீண்ட சமிக்ஞைத் திட்டமாக எழுதலாம். இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் ஓடிக்கொண்டிருக்கும் மாதிரியை வெளியிலிருந்து இயக்க உதவும் ட்ராசி இடைமுகம் வழியாகப் பைதனில், ‘எதிர்த் திசையின் வரிசை இவ்வளவு நீண்டால் மாற்று’ என்று பொலிஸின் போக்கையே விதியாக்கலாம். இந்த இடத்தில் சூமோ கொடுக்கும் சுதந்திரத்தை மனதாரப் பாராட்டுகிறோம்.

நான்காவது பஸ் நிறுத்தம். நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போது, நீங்கள் வேறாகச் சொல்லாவிட்டால் லேனை மறித்தபடியே நிற்கும். ‘பார்க்கிங்’ என்று குறித்தால் முழுதாக ஒதுங்கிவிடும். 100, 101, 155 ஆம் இலக்க பஸ்கள் காலி வீதியில் இந்த இரண்டையுமே செய்வதில்லை, பின்பாதி லேனில் இருக்க மூக்கை மட்டும் ஓரத்துக்குத் திருப்பி நிற்கும். மாதிரியில் ‘மறித்து நிற்கும்’ என்பதே நிஜத்துக்குக் கிட்ட. நிற்கும் நேரத்தையும் ஒரே எண்ணாகப் போடாதீர்கள். ஆளேறும் வரை காத்திருக்கும் பஸ்ஸும், பின்னால் அடுத்த பஸ் தெரிந்ததும் பாய்ந்து போகும் பஸ்ஸும் ஒரே நிறுத்தத்தில் வரும். ஐம்பது பஸ்ஸின் நிற்கும் நேரத்தை எழுதி, அந்தப் பரவலிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

முச்சக்கர வண்டி என்னும் பரீட்சை

சூமோவை அப்படியே ஓடவிட்டால் ஒரு லேனில் ஒரு வாகனம், அதன் பின்னால் இன்னொன்று என்று ஒழுங்காகப் போகும். வெள்ளவத்தை அப்படி இல்லை. ஒரு காரின் இடப்பக்கம் மோட்டார் சைக்கிள், வலப்பக்கம் ஓட்டோவின் மூக்கு. இதைக் கொண்டுவர ‘சப்லேன்’ முறையைத் திறக்க வேண்டும். ‘லேட்டரல் ரெசொலூஷன்’ என்ற தெரிவுக்கு 0.8 கொடுத்தால் 3.2 மீற்றர் லேன் நான்கு கீற்றாகப் பிரிந்து, வாகனங்கள் அவற்றுக்குள் பக்கவாட்டில் நகரும்.

கணக்கைப் பாருங்கள். ஓட்டோவின் அகலம் ஏறத்தாழ 1.3 மீற்றர், மோட்டார் சைக்கிள் 0.9. இரண்டும் சேர்ந்து 2.2. இடையில் பக்கவாட்டு இடைவெளி, மென்பொருள் வைக்கும் 0.6 என்றே வைத்தாலும் 2.8. 3.2 மீற்றர் லேனுக்குள் இரண்டும் அடங்கிவிடும். 1.8 மீற்றர்க் காரும் ஓட்டோவும் என்றால் 3.1 ஆகிறது, இடைவெளி சேர்த்தால் 3.7. அடங்காது. ஆனால் நிஜ வீதியில் அடங்குகிறது, ஏனென்றால் நம் சாரதிகள் 0.6 மீற்றர் விடுவதில்லை. ஆகவே ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பக்கவாட்டு இடைவெளியை 0.2 முதல் 0.3 வரை குறைத்து, பக்கத்து வாகனத்தை நெருக்கி நுழையும் துணிவைக் குறிக்கும் ‘புஷி’ என்ற அளவை 0 இலிருந்து 0.5 அளவுக்கு உயர்த்தி முயற்சியுங்கள். முன்வாகன இடைவெளி தானாக 2.5 மீற்றர் இருக்கும், ஓட்டோவுக்கு 0.8 முதல் 1 வரை போதும்.

ஓட்டோவுக்கென்று வாகன வகையொன்றை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்: நீளம் 2.6, அகலம் 1.3 மீற்றர். வேகத்தை மணிக்குக் கிலோமீற்றரில் போடாதீர்கள், சூமோவுக்கு எல்லாமே வினாடிக்கு மீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது 11.1. அப்படியே 40 என்று போட்டால் ஓட்டோ மணிக்கு 144 கிலோமீற்றரில் பறக்க அனுமதி பெற்றுவிடும். வீதியின் வேக எல்லை அதைத் தடுத்துவைப்பதால் பிழை கண்ணுக்கும் படாது.

சப்லேனுக்கு ஒரு விலை உண்டு. ஓட்டம் கணிசமாக மெதுவாகும். கணக்கீட்டை ஒரு வினாடிப் படியோடு விட்டால் பக்கவாட்டு நகர்வு வெட்டி வெட்டித் தெரியும், அரை வினாடிக்குக் குறைத்தால் கணக்கிடும் நேரம் மேலும் இரட்டிக்கும். இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். லேன் ஒழுங்கோடு ஓடும் மாதிரியை வைத்துக்கொண்டு காலி வீதியின் கொள்ளளவைப் பற்றி எழுதும் எந்த அறிக்கையையும் நம்பாதீர்கள்.

சின்ன வீதியிலிருந்து பெரிய வீதிக்கு ஏறும் இடத்திலும் இதே கதை. மாதிரியின் ஓட்டோ, முன்னுரிமையுள்ள வாகனம் போகும் வரை மரியாதையாக நிற்கும். நிஜ ஓட்டோ மூக்கை நீட்டி, எதிர்வாகனத்தை வேகம் குறைக்க வைத்து ஏறும். சிறுவீதிக்கான நேர இடைவெளியையும் ‘இம்பேஷன்ஸ்’ என்ற பொறுமையின்மை அளவையும் மாற்றினால் ஓரளவு கிட்ட வரலாம். முழுதாக வராது. இந்தக் குறை இன்னும் தீரவில்லை.

எண்ணுவது எப்படி

வீதிக்குக் குறுக்கே போடும் காற்றுக் குழாய் இங்கே சரிவராது. ஓட்டோவும் இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரே நேரத்தில் ஏறினால் எது எந்த அச்சு என்று அதற்குப் புரியாது. வீடியோதான் வழி. கைபேசியை ஆறு முதல் எட்டு மீற்றர் உயரத்தில், பாதசாரி மேம்பாலத்திலோ முதல் மாடி யன்னலிலோ (உரிமையாளரின் அனுமதியோடு) பொருத்துங்கள். பக்கவாட்டில் வைத்தால் ஒரு பஸ் மூன்று மோட்டார் சைக்கிளை மறைத்துவிடும், முடிந்தளவு நேர் முன்னால் இருந்து கீழ்நோக்கி வையுங்கள். இரண்டு மணி நேர 1080 தர வீடியோவுக்கு 8 முதல் 15 ஜிகாபைட் இடம் வேண்டும். 720 தரத்தில், வினாடிக்கு 15 படச் சட்டமே (ஃபிரேம்) போதுமானது. பவர் பேங்க் கட்டாயம். வெயிலில் கைபேசி சூடேறிப் பதிவு நின்றுவிடும், மேலே ஒரு மட்டையை நிழலாகக் கட்டுங்கள்.

எண்ணிக்கைக்கு யோலோ போன்ற இலவசக் கண்டறி மென்பொருளும், வாகனத்தைத் தொடர்ந்து பார்க்கும் பைட்ட்ராக்கும் சேர்ந்தால் போதும். ஒரு கோட்டைக் கீறி, கடப்பவற்றை 15 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டியதுதான். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பொதுவாகக் கிடைக்கும் யோலோ, கோகோ என்ற படத் தொகுப்பில் பயின்றது. அதில் 80 வகை உண்டு. சைக்கிள், கார், மோட்டார் சைக்கிள், பஸ், ரயில், லொறி எல்லாம் இருக்கின்றன. ஓட்டோ இல்லை. ஆகவே நம் ஓட்டோ ஒரு சட்டத்தில் காராகவும் அடுத்த சட்டத்தில் லொறியாகவும் எண்ணப்படும். மொத்த எண்ணிக்கை சரியாக வந்து, கலவை முழுதும் பிழையாகிவிடும். மொத்தத்தை மட்டும் சரிபார்ப்பவர் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். பிறகு சூமோவில் 1.3 மீற்றர் வாகனத்துக்குப் பதில் 1.8 மீற்றர் வாகனம் ஓடி, மாதிரி தேவையில்லாமல் அடைபடும்.

தீர்வு, மறுபயிற்சி. ஹைதராபாத் ஐஐஐடி வெளியிட்ட இந்திய வாகன ஓட்டப் படத் தொகுப்பில் ஓட்டோவுக்குத் தனி வகை இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். அதோடு உங்கள் கமராக் கோணத்திலிருந்தே ஆயிரம் ஆயிரத்தைந்நூறு சட்டங்களைச் சீவாட் போன்ற கருவியில் பெட்டிபோட்டுக் குறியுங்கள். பகல் படம் மட்டும் போதாது. கொழும்பில் ஆறு மணியைச் சுற்றி இருட்டிவிடும், மாலை நெரிசலின் பாதி விளக்கு வெளிச்சத்தில்தான் நடக்கிறது. முன்விளக்கு கமராவில் பட்டதும் மோட்டார் சைக்கிள் ஒளிப்பொட்டாகி மறைந்துவிடும். மழைப் படமும் சேருங்கள். பிறகு ஏதாவது ஒரு 15 நிமிடத்தை மனிதக் கண்ணால் வகைவாரியாக எண்ணி ஒப்பிடுங்கள். எந்த வகையாவது பத்து வீதத்துக்கு மேல் பிசகினால் திரும்பப் பயிற்றுங்கள்.

இன்னொன்று. படத்தில் முகமும் இலக்கத் தகடும் விழும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. எண்ணிக்கை சரிபார்த்ததும் மூல வீடியோவை அழித்துவிடுங்கள், பயிற்சிக்கு வைக்கும் படச் சட்டங்களில் முகத்தையும் தகட்டையும் மங்கலாக்குங்கள். சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் முறை.

எண்ணிக்கையை ஓட்டமாக்குவது

‘ரண்டம் ட்ரிப்ஸ்’ கருவியால் சாத்தியமான வழிகளை நிறைய உருவாக்கி, ‘ரூட் சம்ப்ளர்’ கருவிக்கு உங்கள் சந்தித் திருப்ப எண்ணிக்கையைக் கொடுங்கள். எண்ணிக்கையோடு பொருந்தும் வழிகளை அது தெரிந்தெடுத்துத் தரும். இதற்காகவே சூமோவைப் பரிந்துரைக்கலாம், அவ்வளவு பயனுள்ள கருவி.

ஓட முன், மென்பொருள் தானாக வைத்திருக்கும் இரண்டு அளவுகளை (முன்னிருப்பு) மாற்றுங்கள். வாகனம் மாதிரிக்குள் நுழையும்போது, சொல்லாவிட்டால் முதல் லேனில், பூச்சிய வேகத்தில்தான் நுழையும். காலி வீதியில் அப்படி நுழைந்தால் எல்லைக் கோட்டிலேயே செயற்கையான நெரிசல் உருவாகும். லேனுக்கு ‘பெஸ்ட்’, வேகத்துக்கு ‘மெக்ஸ்’ என்று கொடுங்கள். அப்படியும் இடமில்லாத வாகனம் மாதிரிக்கு வெளியே, திரையில் தெரியாமல் காத்திருக்கும். பயண நேரக் கோப்பில் ‘டிபார்ட் டிலே’ என்ற நிரலைப் பாருங்கள். அங்கே பெரிய எண்கள் இருந்தால் உங்கள் வரிசை வெளியே ஒளிந்திருக்கிறது, நுழைவு வீதிகளை இன்னும் ஐந்நூறு மீற்றர் நீட்டுங்கள்.

அதைவிட ஆபத்தானது ‘டெலிபோர்ட்’. ஒரு வாகனம் 300 வினாடி அசையாமல் நின்றால் சூமோ அதைத் தூக்கி முன்னால் வைத்துவிடும். நெரிசல் தானாகக் கரைந்ததுபோல் தெரியும். கொழும்பு மாதிரியில் இது நூற்றுக்கணக்கில் நடக்கலாம். ஓட்டம் முடிந்ததும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். காரணத்தையும் பிரித்துத் தரும். ‘பிழையான லேன்’ என்று வந்தால் சந்தி இணைப்பு பிழை, ‘ஜாம்’ என்று வந்தால் உண்மையான அடைப்போ சமிக்ஞைப் பிழையோ. சோதனைக்கு அந்த நேரத்தை -1 ஆக்கி ஓட்டினால் அடைப்பு எங்கே தொடங்குகிறது என்பது அப்படியே தெரியும்.

பொருத்தத்தைப் பார்க்க ஜீஈஎச் அளவை வழக்கம். மாதிரிக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கித்து, இரண்டால் பெருக்கி, அந்த இரண்டு எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். மணிக்கு 1000 எண்ணிய இடத்தில் மாதிரி 1100 காட்டினால் 3.1 வரும், நல்லது. 100 எண்ணிய இடத்தில் 200 காட்டினால் வித்தியாசம் அதே நூறுதான், ஆனால் 8.2 வரும், கூடாது. 85 வீதமான இடங்களில் 5 க்குக் கீழே வர வேண்டும் என்பது துறையில் எல்லாரும் வைக்கும் எல்லை. எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது, பயண நேரமும் பொருந்த வேண்டும். தெஹிவளையிலிருந்து பம்பலப்பிட்டி வரை காரில் ஒரு தடவை, ஓட்டோவில் ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை என்று தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள்.

சூமோ ஒவ்வொரு முறையும் எழுந்தமான எண்களைத் தொடக்கிவைக்கும் 23423 என்ற ஒரே விதை எண்ணோடு ஓடும், ஆகவே நூறு தடவை ஓட்டினாலும் ஒரே விடை. விதையை மாற்றிக் குறைந்தது பத்து ஓட்டம் விட்டு, பரவலோடு அறிக்கையிடுங்கள். ஒரே ஓட்டத்தின் படத்தை வைத்து வீதியைத் திருத்தச் சொல்லக்கூடாது.

புதுத் தொழில்நுட்பத்துக்கு ஈடு கொடுக்கிறதா

பெரும்பாலும் ஆம். செயலியில் அழைக்கும் வாடகை வாகனத்துக்கு ‘டெக்ஸி’ கருவி இருக்கிறது. மிக அருகில் இருப்பதை அனுப்புவது, இருவரை ஒரே வண்டியில் சேர்ப்பது என்று அனுப்பும் முறையை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆளில்லாமல் ஓடும் தூரத்தையும் எடுக்கலாம். 2013 தரவில் கேட்கவே முடியாத கேள்வி இது. சும்மா இருக்கும் வண்டி நின்ற இடத்தில் நிற்பதா, சுற்றித் திரிவதா என்றும் சொல்லலாம். நம் ஊரில் இரண்டும் நடப்பதால், சந்தி மூலையில் தரித்து நிற்பவர்களையும் ஓடித்திரிபவர்களையும் தனித்தனிக் கூட்டமாக எழுதுங்கள்.

மின்சார வாகனத்துக்கு மின்கலக் கருவி உண்டு. கொள்ளளவு வோற்-மணியில் கொடுக்க வேண்டும், கிலோவோற்-மணியில் கொடுத்தால் கார் வீட்டு வாசலிலேயே தீர்ந்துவிடும். சார்ஜ் நிலையங்களையும் வரைபடத்தில் வைக்கலாம். தானே இடைவெளி பேணும் கார்களுக்கான ஏசிசி, சீஏசிசி மாதிரிகளும் உள்ளே இருக்கின்றன. கொழும்புக்கு அவை இப்போதைக்கு அவசரமில்லை.

புகைக் கணக்கில் மட்டும் எச்சரிக்கை. சூமோ பயன்படுத்தும் எச்பிஈஎஃப்ஏ என்ற வாகனப் புகை அட்டவணைகள் ஐரோப்பிய வாகனங்களை வைத்துச் செய்தவை. நம் பழைய டீசல் பஸ்ஸுக்கோ முச்சக்கர வண்டிக்கோ அதில் நேரான இணை இல்லை. ‘இந்தத் திட்டத்தால் புகை கூடுமா குறையுமா’ என்று இரண்டு நிலையை ஒப்பிட ஓரளவு உதவும். வெள்ளவத்தையில் இத்தனை கிலோ புகை என்று எழுதினால் அது பொய்யான துல்லியம்.

யார் எடுக்கலாம்

பைதன் கொஞ்சம் தெரிந்த இறுதி வருட மாணவர் இருவர், மூன்று மாதம் ஒதுக்கினால் ஒரு வழித்தடத்தைக் கட்டி முடிக்கலாம். முதல் மாதம் முழுக்க எண்ணிக்கைக்கும் அளவெடுப்புக்கும் போகட்டும். இரண்டாம் மாதம் வலையும் வாகன வகையும், மூன்றாவது பொருத்துவதற்கு. கட்டி முடித்தபின் புதுப்பிப்பது இலகு. வீடியோ ஒரு நாள், எண்ணவும் சரிபார்க்கவும் இரண்டு நாள், திரும்ப ஓட்ட ஒரு நாள். பாடசாலை விடுமுறை, வெசாக், தேர்தல் வாரங்களைத் தவிர்த்து, செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாளைத் தெரிவுசெய்யுங்கள்.

முழுக் கொழும்பையும் ஒரே தடவையில் வரைய நினைப்பவர் எடுக்க வேண்டாம். அந்த அளவுக்கு எண்ணிக்கை யாரிடமும் கைவசம் இருக்காது, அனுமானத்தால் நிரப்பிய மாதிரி வெறும் படமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு சந்தியின் விளக்கு நேரத்தைத் திருத்த நினைப்பவருக்கும் இது அதிகம், தாளும் பேனையும் ஸ்டொப்வொச்சும் போதும். கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது, ஆனால் விரிவானது. பிழைச் செய்தியை அப்படியே தேடினால் அனேகமாக விடை கிடைக்கும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்பைத் திரும்ப இறக்காதீர்கள். யாரோ ஒருவர் இடையில் ஒரு வீதியைத் திருத்தியிருப்பார், நீங்கள் நெட்எடிட்டில் கையால் செய்த அத்தனை திருத்தமும் அழிந்துவிடும். முதல் வலையை உறைய வைத்து, மாற்றங்களைத் தனிக் கோப்பாக வைத்திருங்கள். சூமோவின் எந்தப் பதிப்பில் ஓட்டியது என்பதையும் அந்தக் கோப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள், புதிய பதிப்பில் சில முன்னிருப்புகள் மாறும்போது விடையும் மாறும்.